ஓசூரிலிருந்து பெங்களூர் ஓவிய மியூசியத்துக்கு: சைக்கிள் குழுவை அழைத்துப் போவது எப்படி?

கிருஷ்ணகிரி பக்கத்துக் கே.ஆர்.பி. அணை வரைக்கும் போய்வந்து அலுத்துவிட்டது, பிள்ளைகளை ஒருநாள் பெங்களூர் கூட்டிப்போய் நல்ல ஓவியங்களைக் காட்டலாம் என்று உங்கள் சைக்கிள் குழுவிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவர் தலையில்தான் எல்லா வேலையும் விழும். எங்கள் குழுவில் அது என் தலையில் விழுந்தது. கேட்ட இடமெல்லாம் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஓர் இடத்தில் சைக்கிளைப் பார்த்ததுமே காவலாளி கேட்டைச் சாத்திவிட்டார். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ரூட்டில்தான் ஆரம்பிப்பார்கள்: எத்தனை கிலோமீட்டர், எங்கே டீ, எத்தனை மணிக்குக் கிளம்புவது. பிள்ளைகளுக்கு மிதிப்பது ஒரு விஷயமே இல்லை. போய்ச் சேர்ந்த பிறகுதான் சிக்கல். சைக்கிளை எங்கே விடுவது, பையை எங்கே வைப்பது, வியர்க்க விறுவிறுக்க வந்து நிற்கும் பதினைந்து பேரை உள்ளே விடுவார்களா, விட்டாலும் நின்று பார்க்கக் காலில் தெம்பு இருக்குமா? அதனால் திட்டத்தைக் கடைசியிலிருந்து முன்னுக்குப் போடுங்கள். முதலில் மியூசியம், அப்புறம் சைக்கிள்.

1. எந்த மியூசியம் என்று முடிவு செய்யுங்கள்

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏற்றவை இரண்டு.

முதலாவது, பேலஸ் ரோட்டில் உள்ள தேசிய நவீன கலைக்கூடம். என்.ஜி.எம்.ஏ. என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும், சில சமயம் அதுவும் புரியாது. மாணிக்கவேலு மாளிகை என்ற பழைய பங்களாவில் 2009-இல் திறந்தார்கள். மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம். ரவி வர்மா, அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ் என்று பாடப்புத்தகத்தில் பெயராக மட்டும் பார்த்தவர்களின் படங்கள் இவர்கள் சேகரிப்பில் உண்டு. சுவரில் மாட்டுவதை அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் குறிப்பிட்ட ஒரு படத்தைக் காட்டுகிறேன் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, கஸ்தூர்பா ரோட்டில் 2023-இல் திறந்த மேப் என்னும் கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம். புதுக் கட்டடம், மாடி மாடியாகப் போகும். புகைப்படம், துணி, பழைய விளம்பரப் படங்கள் என்று சேகரிப்பு வேறு மாதிரி. போட்டோ எடுப்பதில் ஆர்வம் உள்ள குழு என்றால் இதற்குப் போகலாம்.

முதல் தடவைக்கு என் ஓட்டு என்.ஜி.எம்.ஏ.வுக்குத்தான். படம் பார்த்துக் களைத்தவன் வெளியே வந்து மரத்தடியில் உட்காரலாம், கட்டணமும் குறைவு. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். இரண்டாவது இடத்தில் பிள்ளைகள் படத்தைப் பார்க்க மாட்டார்கள், பெஞ்சைத்தான் தேடுவார்கள்.

முடிவானதும் மியூசியத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு சிறிய மெயில் அனுப்புங்கள். தேதி, நேரம், எத்தனை பேர், என்ன வயது, கூட வரும் பெரியவர்கள் எத்தனை பேர், அவ்வளவு போதும். கூடவே மூன்று கேள்விகள்: சைக்கிள் நிறுத்த இடம் உண்டா? பை வைக்க அறை உண்டா? குழுவுக்குச் சுற்றிக் காட்ட யாராவது வருவார்களா? பதில் வராவிட்டால் போன் செய்யுங்கள், ஆனால் திங்கட்கிழமை செய்யாதீர்கள். இரண்டு இடத்துக்கும் அன்று விடுமுறை. பதில் மெயில் வந்தால் அதைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும் காவலாளிக்கு உங்கள் போன் திரையை விடக் காகிதத்தின் மேல்தான் நம்பிக்கை.

2. தேதி

ஞாயிற்றுக்கிழமைதான். அன்று ஓசூர் ரோட்டில் கம்பெனி பஸ்கள் குறைவு, பெங்களூருக்குள்ளும் காலையில் கொஞ்சம் மூச்சு விடலாம். கப்பன் பூங்காவுக்குள் ஞாயிறன்று மோட்டார் வண்டிகளை விடுவதில்லை என்பது சைக்கிள்காரர்களுக்குக் கூடுதல் லாபம்.

மாதம் என்றால் பொங்கல் கழிந்து பிப்ரவரி முடிய. மார்ச் வந்தால் பரீட்சை. மே, ஜூனில் மாம்பழ லாரிகள் சேர்ந்துகொள்ளும். அக்டோபர், நவம்பர் மழையை நம்ப முடியாது. ஜனவரியில் ஒரு தொல்லை, விடியற்காலையில் ஓசூரிலும், கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியிலும் பனிமூட்டம் கட்டும், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். குடியரசு தினம், சுதந்திர தினம் ஒட்டி லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும். அந்த வாரங்களில் நாம் பாதி வழிக்கு ஏறப்போகும் மெட்ரோவில் கால் வைக்க இடம் இருக்காது, தவிர்த்துவிடுங்கள்.

வேலையை ஒரு மாதம் முன்னால் ஆரம்பித்தால் போதும். அதற்கும் முன்னால் ஆரம்பித்தால் பெற்றோர்கள் மறந்துபோவார்கள், மறுபடி எல்லாம் சொல்ல வேண்டியிருக்கும்.

3. காகிதங்கள்

அலட்சியம் செய்யக் கூடாத பகுதி இது. 18 வயது ஆகாத பிள்ளைகளை மாநில எல்லை தாண்டி அழைத்துப் போகிறீர்கள். ஒரு விபத்து, ஒரு போலீஸ் கேள்வி என்று வந்தால் காகிதம்தான் பேசும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர் போடுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். தமிழில் இருக்கட்டும், அப்போதுதான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். தேதி, போகும் இடம், சைக்கிளில் எது வரை, மெட்ரோவில் எது வரை, திரும்பும் நேரம், எல்லாம் எழுத்தில் வேண்டும். "பெங்களூர் சுற்றுலா" என்று ஒரே வரியில் முடித்த கடிதத்தை வாங்காதீர்கள்.
- ஆதார் ஜெராக்ஸ், பள்ளி அல்லது கல்லூரி ஐ.டி. கார்டு. ஐ.டி. கார்டு அசல் வேண்டும், டிக்கெட் சலுகை கேட்க அதுதான் உதவும்.
- ரத்த வகை, ஏதாவது நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா, எதற்காவது அலர்ஜி உண்டா என்ற விவரம்.
- இரண்டு போன் நம்பர். அப்பா நம்பர் மட்டும் வாங்கினால் அவர் ஷிப்டில் இருப்பார், போன் லாக்கரில் இருக்கும். அம்மா, சித்தப்பா, பக்கத்து வீடு, யாராவது ஒருவருடைய நம்பரையும் சேர்த்து வாங்குங்கள்.

கவர்களை ஒரே ஆளிடம் கொடுத்து வைக்காதீர்கள். முன்னால் போகிறவரிடம் ஒரு செட், கடைசியில் வருகிறவரிடம் ஒரு செட்.

குழுவுக்கு லெட்டர்பேட் இல்லையே என்று பலர் கேட்பார்கள். நேரு யுவ கேந்திராவில் (இப்போது மை பாரத்) பதிந்த இளைஞர் மன்றம் என்றால் அதன் பெயரிலேயே எழுதலாம். இல்லாவிட்டால் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தலைமையாசிரியரிடம் ஒரு அறிமுகக் கடிதம் கேளுங்கள். பள்ளியின் பெயரிலேயே போவது வேறு விஷயம். அதற்குக் கல்வித்துறை அனுமதி வாங்க வேண்டியிருக்கும், நாள் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் சம்மதம், குழுவின் பெயர் என்று வைத்துக்கொள்வது சுலபம்.

பெண் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் கூட ஓர் அக்காவோ டீச்சரோ கட்டாயம் வேண்டும். அது தெரிந்தால்தான் அம்மாக்கள் கையெழுத்துப் போடுவார்கள். அவர்கள் போடாமல் இருப்பதும் நியாயம்தான்.

4. எது வரை மிதிப்பது?

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நேராகப் போகிறது, ஆறு வழிச் சாலை, என்ன பெரிய கஷ்டம் என்று தோன்றும். குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை வந்ததும் பதில் தெரியும். கிருஷ்ணகிரியை விட ஓசூர் சுமார் 400 மீட்டர் உயரம். அந்த ஏற்றமும் வளைவும் சுமை லாரிகளுக்கே சோதனை, விபத்துக்குப் பேர்போன இடம் அது. பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளில், கியர் இல்லாமல் ஏறுகிற பிள்ளைகளை அந்த லாரிகளோடு சேர்த்து விடாதீர்கள். மிதித்துப் பழகிய பெரியவர்கள் தனியாகப் போகட்டும், அது அவர்கள் பாடு.

பயணத்தை ஓசூரில் தொடங்குங்கள். ஓசூரும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால் பெரிய ஏற்றம் கிடையாது. அங்கிருந்து இரண்டு வழி:

முழுதும் மிதிப்பது: ஓசூர், ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, மடிவாளா, ஆடுகோடி வழியாக நகருக்குள். சுமார் 40 கிலோமீட்டர். போக முடியும். ஆனால் சில்க் போர்டில் ஆரம்பித்து நகருக்குள் பிள்ளைகளை ஒரு வரிசையாக வைத்திருப்பது பெரும்பாடு. ஒரு சிக்னலில் பாதிக் குழு அந்தப் பக்கம், பாதிக் குழு இந்தப் பக்கம்.

பாதி மிதித்து மெட்ரோ ஏறுவது: ஓசூரிலிருந்து பொம்மசந்திரா வரை இருபது கிலோமீட்டருக்குள்தான். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழி மெட்ரோ திறந்த பிறகு அங்கேயே சைக்கிளை விட்டுவிட்டு ரயில் ஏறலாம். புதிய குழுவுக்கு இதைத்தான் சொல்வேன். காலும் மிச்சம், மனசும் மிச்சம். கீழே உள்ளதெல்லாம் இந்த வழியை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

5. குட்டி யானை (சிறு சரக்கு வண்டி)

ஓசூர்ப் பிள்ளைகள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தர்மபுரிக் குழுக்கள் சைக்கிளை ஓசூர் கொண்டுவர வேண்டும். கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது. தர்மபுரியிலிருந்து ரயில் உண்டு, ஆனால் சைக்கிளை பார்சல் ஆபீஸில் புக் செய்து, எல்லா ரயிலிலும் இல்லாத லக்கேஜ் பெட்டியைத் தேடி, ரயில் நிற்கும் ஓரிரு நிமிடத்தில் ஏற்றி இறக்குவது குழுவுக்கு ஒத்துவராது. குட்டி யானை பிடிப்பதே நல்லது.

ஒரு வண்டியில் ஏழெட்டு சைக்கிள். ஒன்றின் ஹேண்டில் முன்பக்கம் என்றால் அடுத்ததின் ஹேண்டில் பின்பக்கம். நடுவில் பழைய சாக்கோ போர்வையோ சொருகுங்கள், இல்லாவிட்டால் ஒரு சைக்கிளின் பெடல் அடுத்ததின் ஸ்போக்கில் மாட்டிக்கொள்ளும். இறக்கும்போது இழுத்தால் கம்பி வளையும். சைக்கிள்களை முந்தின நாள் இரவே ஏற்றிவிடுங்கள். விடியற்காலை மூன்றரைக்கு டார்ச் அடித்துக் கயிறு கட்டுவது யாருக்கும் வேண்டாத வேலை.

இரண்டு எச்சரிக்கை. பிள்ளைகளைச் சைக்கிளோடு பின்னால் ஏற்றாதீர்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு, செக்கிங்கில் மாட்டினால் அன்றைய நிகழ்ச்சி அங்கேயே முடிந்தது. பிள்ளைகள் பஸ்ஸில் வரட்டும். அடுத்தது, "அப்படியே பெங்களூர் வரைக்கும் விட்டுடறேண்ணா" என்று டிரைவர் சொன்னால், கர்நாடகா பெர்மிட் இருக்கிறதா என்று கேளுங்கள். வாடகை வேனுக்கும் இதே கேள்விதான். அத்திப்பள்ளியில் நிறுத்திவிட்டால் அபராதத்தைக் கடைசியில் உங்களிடம்தான் கேட்பார்கள்.

6. செலவு

வண்டிதான் பெரிய செலவு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போய், நின்று, திரும்ப எங்களுக்கு மூவாயிரத்தை ஒட்டி வந்தது. அதை ஏழெட்டுப் பேருக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். மெட்ரோ ஒரு வழிக்கு 90 ரூபாய் வரை. என்.ஜி.எம்.ஏ. நுழைவுக் கட்டணம் 20 ரூபாய். மேப்பில் கட்டணம் வேறு, கண்காட்சியைப் பொறுத்து மாறும் என்பதால் அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு 200, பஞ்சர், டீ, ஆட்டோ என்று பொதுச் செலவுக்கு 50. ஓசூர்ப் பிள்ளைகளுக்கு ஐந்நூறுக்குள் முடியும், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஆயிரத்தைத் தொடும்.

காசை ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். வண்டிக்கு முன்பணம் கொடுத்த பிறகு இரண்டு பேர் வரவில்லை என்றால், மீதிப் பேரிடம் கூடுதலாகக் கேட்க உங்களுக்கு வாய் வராது.

7. சைக்கிளைச் சரிபாருங்கள்

போகும் முந்தின ஞாயிறே ஒரு முறை கூட்டுங்கள். பிரேக் கட்டை, டயர், செயின், பின்பக்கச் சிவப்பு விளக்கு, இவ்வளவுதான். பனிமூட்டத்தில் பின்விளக்கு இல்லாத சைக்கிள் லாரி டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. விளக்கு இல்லாதவர்களுக்கு ஒளிரும் பட்டை வாங்கி மட்கார்டில் ஒட்டுங்கள். ஹெல்மெட் இல்லாதவர் வரிசையில் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பள்ளிச் சைக்கிள்கள் நிறைய இருந்தால் இன்னொரு தொல்லை. எல்லாம் ஒரே நிறம், ஒரே கூடை, ஒரே மாதிரிப் பூட்டு. ஒரு டஜன் சைக்கிளை வரிசையாக நிறுத்திவிட்டுச் சாயங்காலம் வந்து பாருங்கள், எவனுக்கும் தன்னுடையது எது என்று தெரியாது. சாவி நுழையும், திரும்பாது. இன்னொருவன் முறுக்குவான், சாவி உடையும். எனாமல் பெயின்டில் மட்கார்டில் நம்பர் எழுதி, அதே நம்பரைச் சாவியில் துணி நாடாவில் எழுதிக் கட்டிவிடுங்கள். இருபது ரூபாய் வேலை.

8. சாலையில்

ஓசூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆறரைக்குக் கிளம்புங்கள். பனி இறங்கியிருந்தால் கலையும் வரை காத்திருங்கள். மியூசியம் திறக்க இன்னும் நேரம் இருக்கிறது, அவசரமே இல்லை.

வழி தெரிந்தவர் முன்னால், பொறுமைசாலி கடைசியில். அந்தக் கடைசி ஆளிடம்தான் பஞ்சர் கிட். ஒற்றை வரிசை, பக்கத்தில் பேசிக்கொண்டு போவது கிடையாது. சர்வீஸ் ரோடு உள்ள இடமெல்லாம் அதில்தான் போக வேண்டும். ஆனால் அதில் எதிர்த் திசையில் பைக்குகள் வந்துகொண்டே இருக்கும், யாரும் கூச்சப்பட மாட்டார்கள். சர்வீஸ் ரோடு முடிந்து மெயின் ரோட்டில் சேரும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் நின்று, சேர்ந்து, பிறகு நுழையுங்கள். தண்ணீர், கழிவறை, காற்று மூன்றும் பெட்ரோல் பங்கில் கிடைக்கும். பெண் பிள்ளைகளிடம் நின்று கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108, போலீஸுக்கு 112. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே நம்பர்கள்தான். கன்னடம் பேசும் ஒருவர் குழுவில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஓசூர்க் குழுவில் அப்படி ஒரு பையன் இல்லாமலா இருப்பான்?

9. பொம்மசந்திராவில் சைக்கிளை விட்டுவிட்டு

மெட்ரோவில் மடக்கு சைக்கிளை மட்டும்தான் ஏற்ற விடுவார்கள், நம்முடையதை அல்ல. ஸ்டேஷன் வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வராதீர்கள். பொம்மசந்திரா, ஹெப்பகோடி கம்பெனிகளில் நம் மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். யாருடைய மாமாவாவது, அண்ணனாவது அங்கே குடியிருப்பார். அவர் வீட்டு வாசலோ, தெரிந்த ஒர்க்‌ஷாப் ஷெட்டோ முன்கூட்டியே பேசி வையுங்கள். எல்லாச் சைக்கிளையும் சேர்த்து ஒரு நீளச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். ஹெல்மெட்டுகளையும் அதிலேயே கோத்துவிடலாம்.

ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ரப்பர் சொல்யூஷன் எல்லாவற்றையும் இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். மெட்ரோவில் பை ஸ்கேனருக்குள் போகும். எங்கள் கடைசி ஆளின் பையிலிருந்து டயர் லீவர், ஸ்பேனர், பிளேடு என்று ஒவ்வொன்றாக மேஜையில் வந்தபோது பின்னால் நின்ற வரிசை முழுக்க எங்களை ஒரு மாதிரி பார்த்தது.

மஞ்சள் வழியில் ஆர்.வி. ரோடு வரை, அங்கே பச்சை வழிக்கு மாறி மெஜஸ்டிக், அங்கே ஊதா வழிக்கு மாறி விதான சௌதா அல்லது கப்பன் பூங்கா. மெஜஸ்டிக்கில்தான் ஆள் தொலைவார்கள். இறங்கியதும் நடக்காமல் நிற்க வேண்டும், எண்ணிய பிறகுதான் நகர வேண்டும் என்று சொல்லி வையுங்கள். என்.ஜி.எம்.ஏ.வுக்கு விதான சௌதாவில் இறங்கி ஆட்டோ, அல்லது அரைமணி நடை. மேப்புக்குக் கப்பன் பூங்கா ஸ்டேஷன்.

10. மியூசியத்துக்குள்

வியர்த்த டீசர்ட்டைப் பொம்மசந்திராவிலேயே மாற்றச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டில், சாப்பாடு, பை எதுவும் உள்ளே போகாது. போட்டோ எடுக்கலாமா என்று கவுண்டரிலேயே கேளுங்கள், எடுக்கலாம் என்றாலும் ஃபிளாஷ் வேண்டாம். படத்தைத் தொடாதே என்று சொல்வது போதாது, நீட்டிக் காட்டும் விரலுக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு கை தூரம் வேண்டும் என்று காட்டியே சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் காட்ட முயலாதீர்கள். ஆளுக்கு ஒரு படம் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும், வெளியே வந்து அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நாங்கள் வைத்த விதி. ஜாமினி ராய் படத்தின் முன்னால் நின்ற பத்தாம் வகுப்புப் பையன், கோலம் போடுகிற மாதிரி கையை எடுக்காமல் இழுத்திருக்கிறார் பாருங்கண்ணா என்று காற்றில் விரலால் அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டினான். நான் அந்தக் கோட்டைப் பார்த்ததே அவன் சொன்ன பிறகுதான்.

ஒன்றரை மணி நேரம் போதும். அதற்குமேல் பசிதான் பேசும். பக்கத்தில் தர்ஷினி ஹோட்டல் எதிலாவது நின்றபடி சாப்பிட்டு இரண்டு மணிக்குள் மெட்ரோ ஏறிவிடுங்கள்.

11. திரும்புதல்

நாலு மணிக்குள் சைக்கிளில் ஏறினால் இருட்டுவதற்குள் ஓசூர். ஞாயிறு மாலை ஊரிலிருந்து திரும்பும் கார்கள் எல்லாம் பெங்களூர் பக்கம்தான் முட்டிக்கொண்டு நிற்கும், அது உங்களுக்கு எதிர்ப்பக்கம். ஜூஜூவாடி தாண்டியதும் பெற்றோர் குரூப்பில் ஒரு செய்தி போட்டுவிடுங்கள், வீட்டுக்கு வீடு போன் அடிப்பது நிற்கும். குட்டி யானை டிரைவரிடம் காத்திருப்புக் கூலியையும் சேர்த்துத்தான் காலையில் பேசினோம் என்பதை ஓசூரில் சைக்கிள் ஏற்றுவதற்கு முன்பே நினைவுபடுத்துங்கள், கிருஷ்ணகிரியில் இறக்கும்போது அல்ல.